எங்கள் டைகர் சித்தரான கதை

1937ஆம் வருஷம், ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், விடிகாலை நாலே முக்கால் மணி. வானம் மூட்டமாக இருந்தது, தூறல் இல்லை, மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாமாவின் கூண்டு வண்டி சதுரகிரிக்குப் புறப்பட்டது. வண்டிக்குள் மாமா, அத்தை, நான், ஒரு மூட்டை அரிசி, இரண்டு தூக்குவாளி. வண்டிக்கு அடியில் ஓடிவந்தது டைகர். இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போனவற்றில் ஒன்று திரும்பி வரவில்லை. அதற்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இன்றுவரை எனக்கு நியாயமான பதில் சொன்னதில்லை.

டைகர் ராஜபாளையத்து நாய். உடம்பு பால்வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம். பஞ்சு வியாபாரத்தில் மாமாவுக்குப் பழக்கமான தெலுங்குக்காரர் ஒருவர் வீட்டில் பிறந்தது. அந்த இனத்தில் சுத்த வெள்ளைக் குட்டிகள் சில செவிடாகப் பிறக்கும். இதுவும் செவிடு. வேட்டைக்கு உதவாது என்று மாமாவிடம் சும்மா கொடுத்துவிட்டார். மாமா அதை எனக்குக் கொடுத்தார். கூப்பிட்டால் வராது. இரண்டு காதுக்கும் நடுவே இரண்டு தட்டுத் தட்டினால் எழுந்து கூடவே வரும். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

மாமாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. சதுரகிரி மலைமேல் இருக்கும் மகாலிங்கத்திடம் பிள்ளை வரம் கேட்கப் போகிறவர்கள் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக என்னை அழைத்துப் போனார்கள். டைகரை யாரும் அழைக்கவில்லை. நான் போனதால் அதுவும் வந்தது.

வ. புதுப்பட்டியைத் தாண்டி, தாணிப்பாறையில் வண்டியை விட்டுவிட்டு மலையேறினோம். அந்த மலையில் சித்தர்கள் இன்னும் நடமாடுகிறார்கள், நாயாகவும் காகமாகவும் கிழவனாகவும் எதிரே வருவார்கள் என்பது நம்பிக்கை. அதனால் ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் சாமி என்றே அழைப்பார்கள். பல் போன பெரியவர்கள்கூட என்னை, "வழி விடுங்க சின்னச்சாமி" என்றார்கள். ஒரு கிளையில் மலையணில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அதையும் ஒரு அம்மாள் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். வழுக்குப்பாறையில் அத்தை இரண்டு தடவை சறுக்கினாள். டைகர் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில்தான் அந்த அநியாயம் நடந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் தளவாய்புரத்திலிருந்து வந்த நாற்பது பேர் சர்க்கரைப் பொங்கல் வைத்து, பெரிய தலைவாழை இலையில் படையல் போட்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்து விரதம். தீபாராதனை ஆனால்தான் சாப்பாடு. கற்பூரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் டைகர் நேராகப் போய் இலையில் வாய் வைத்துவிட்டது.

"யாருலே நாயை உள்ள விட்டது?" என்று நாலு பேர் கத்தினார்கள். ஒருவர் தட்டைத் தட்டினார். டைகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முரட்டு ஆள் ஊன்றுகம்பை ஓங்கிவிட்டான்.

மாமா பஞ்சுத் தரகர். இறங்குகிற விலையை ஏறுகிற விலை என்று நம்பவைப்பது அவர் தொழில். அவர் சட்டென்று இலைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, வந்துட்டியளா" என்று அழுகிற குரலில் கேட்டார். பிறகு தலையைத் தூக்கி, "கம்பைக் கீழ போடுங்கய்யா. நாயின்னா இந்தச் சத்தத்துக்கு நிக்குமா? மோனத்துல இருக்காவ, பாத்தா தெரியல?" என்றார்.

கம்பு நின்றது. இலையைத் தொட்டது நாய் என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி உலை வைக்க வேண்டும். சித்தர் என்றால் உடனே பந்தி போடலாம். பசியோடிருந்த நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒரு அம்மாள் விழுந்தாள். பிறகு எல்லாரும் விழுந்தார்கள்.

"அது எங்க நாய். பேரு டைகர்" என்றேன். மாமா என் தொடையைக் கிள்ளினார். மறுபடியும் சொன்னேன்.

தளவாய்புரத்துப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: "ஒங்க நாயின்னா கூப்பிடுங்க சின்னச்சாமி. வாராவளான்னு பாப்பம்."

தொண்டை கிழியக் கூப்பிட்டேன். டைகர் பொங்கலைத் தின்றுகொண்டிருந்தது. "அதுக்குக் காது கேக்காது, தொட்டாத்தான் வரும்" என்று ஓடப்போனவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சித்தர் அமுது செய்யும்போது தொடக் கூடாதாம். பின்னால் ஒருவன், "இம்புட்டு நேரம் பேரு சொன்னான், இப்பச் செவிடுங்கான். பய பெரிய ஆளுதான்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான். நான் பொய்யன் ஆனேன்.

அன்று சாயங்காலமே டைகருக்குச் சந்தனமும் மாலையும் போட்டு, புது வேட்டியைக் கிழித்துக் கயிறாக்கி, ஒரு கஞ்சி மடத்துத் தூணில் கட்டிவிட்டார்கள். வீட்டில் அதைத் துடைப்பத்தால் விரட்டுகிற அத்தை, அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இறங்கும்போது நான் அழுததைப் பார்த்து மாமா, "இப்பக் கேட்டா நம்மளையும் அடிப்பான், அதையும் அடிப்பான் மாப்ள. கொஞ்ச நாள் போவட்டும். பொறவு யாருக்கும் தெரியாமக் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார். நம்பினேன். வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அம்மா, "ஒரு வாய்ச் சோறு மிச்சம்" என்றாள். இப்படியும் மனிதர்கள்.

மாதம் தவறாமல் மாமாவிடம் கேட்டேன். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றார். பஞ்சு சீசன் என்றார். மறு வருஷம் வைகாசியில் அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. அதையும் ஒரு சாக்காகச் சொன்னார். கடைசியில் 1939 ஆடியில், பிள்ளைக்கு முடியிறக்க மலைக்குப் போனபோதுதான் நானும் போக முடிந்தது. கூட்டம் வேண்டாமென்று அமாவாசைக்கு மறுநாள் ஏறினோம்.

டைகர் அதே தூணில் இருந்தது. கொழுத்திருந்தது. நெற்றியில் பட்டை. முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. பக்கத்தில் ஒரு காவலாள். தொட்டுக் கும்பிட ஆளுக்கு அரையணாக் காணிக்கை. மாமா தனக்கும் அத்தைக்கும் பிள்ளைக்கும் போட்டார். எனக்குப் போடவில்லை.

"ஒனக்கெதுக்கு மாப்ள, நீ தொடாததா" என்றார்.

என் கையிலிருந்த அரையணாவை நானே போட்டேன். காவலாள் தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போனான். அத்தை மாவிளக்குப் போடக் கோயிலுக்குள் போயிருந்தாள். நான் டைகரின் காதுகளுக்கு நடுவே இரண்டு தட்டுத் தட்டினேன். இரண்டு வருஷம் கழித்தும் அது மறக்கவில்லை. சட்டென்று எழுந்து, வாலை ஆட்டி, தலையை என் வயிற்றில் முட்டியது. நான் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துவிட்டேன்.

"மாமா, வாங்க. இப்ப யாரும் இல்ல."

மாமா அசையவில்லை. மொட்டைத் தலையோடு தோளில் தூங்கிய பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மெதுவான குரலில், "அவியள விட்டுரு மாப்ள" என்றார்.

"இது டைகர் மாமா. நீங்கதான வாங்கிக் குடுத்திய."

"அவிய இல்லாட்டி இவன் இல்லலே."

அவர் கண் நிறைந்திருந்தது. நடிக்கிறார் என்றே நினைத்தேன். முன்பு நடித்ததைப் பார்த்தவன் அல்லவா. யாருக்காக நடிக்கிறார் என்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தேன். மடத்து வாசலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அப்புறம் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பதினோரு வயதுப் பையன் முன்னால் ஒரு பெரிய மனிதர் அப்படி நின்றால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கயிற்றை மறுபடி தூணில் கட்டினேன்.

போகும்முன் ஒருமுறை அதன் தலையைத் தடவினேன். தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்த காவலாள் அதைப் பார்த்துவிட்டான். மறுபடி தொட்டால் மறுபடி காணிக்கை என்றான். மாமா பிள்ளையோடு படியிறங்கிவிட்டிருந்தார். பையில் மிச்சமிருந்த அரையணாவையும் தட்டில் போட்டேன்.

ஆக, என் சொந்த நாயைத் தொட எனக்கு ஆன செலவு ஓரணா.