மருந்துக்குச் சாகாத ஈ

கோழிப்பண்ணைகளுக்கு ஈ மருந்து விற்பவளுக்கு மழைக்காலம்தான் அறுவடைக்காலம். நாமக்கல் பக்கம் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் சாப்பிடப் பழகியவர்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான்.

டூப்ளிகேட்

பண்ணைக்காரர் பழனிச்சாமி காலி மருந்து டப்பாவை என் மேசைமேல் வைத்தார். அவர் வீடு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. மகள் மேகலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபியில் ஈ விழுந்ததும் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதம் வேறொரு வீட்டார் வருகிறார்கள். “போன வருசம் ஈ கொத்துக்கொத்தா செத்து விழுந்துச்சுங்கக்கா. இப்ப மருந்து டூப்ளிகேட்டு.”

விலங்கியல் படித்தவளால் சும்மா இருக்க முடியுமா? ஈக்கள் பார்வைக்குத்தான் ஒன்றுபோல. சிலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடம்பு. மற்றவை செத்தன, தாங்கியவை முட்டையிட்டன; இப்போது பறப்பவை அவற்றின் வாரிசுகள் என்றேன்.

“அப்ப நாந்தான் காசு போட்டுப் பொறுக்கியெடுத்து வளத்தேங்கறீங்களா?”

இரட்டிப்பு

வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் அதே மருந்தை இரு மடங்கு கலந்து அடித்தார். போய்ப் பார்த்தேன். கூண்டுகளுக்கு அடியில் ஈர எரு. அதன்மேல் மழைக்கு முந்தைய வானம்போல முணுமுணுக்கும் ஒரு கருமை. அழகாகத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை. தெளிப்பானோடு நின்ற அவர் மனைவி இருமிக்கொண்டே சொன்னார்:

“ஈ தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நல்லாத்தானுங்க இருக்குது. எங்களுக்குத்தான் மயக்கம் வருது.”

கசிவு

மருந்தை நிறுத்துங்கள், எருவைக் காய விடுங்கள் என்றேன். ஈரமில்லாத இடத்தில் எந்த வீரப் பரம்பரையின் புழுவும் வளராது. மேகலா கூண்டு கூண்டாகப் போய்ச் கோழிகளுக்கான தண்ணீர்க் குழாய்களின் கசிவையெல்லாம் அடைத்தாள். எரு காய்ந்தது, என் வியாபாரமும்தான். பழனிச்சாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மருந்துக்கடை வச்சுக்கிட்டு மருந்து வாங்காதீங்கறீங்க. பொழைக்கத் தெரியலீங்கக்கா உங்களுக்கு.”

ஒற்றை ஈ

ஈ குறைந்தது, ஒழியவில்லை. பெண் பார்க்கும் நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கினார். டம்ளர் விளிம்பில் ஒன்று வந்து உட்கார்ந்தது. பழனிச்சாமி பாதி எழுந்து அப்படியே நின்றார். கொட்டகையில் கோழிகள்கூடக் கத்துவதை நிறுத்தியதாக எனக்குத் தோன்றியது.

அந்தம்மா அதை விரட்டிவிட்டு நிதானமாகக் குடித்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் அவர்களுக்கும் பண்ணைதான். “இத்தாப்பெரிய பண்ணையில ஒரே ஒரு ஈயா? எங்கூட்டுல காபிக்கு மூடி போட்டுக் குடிக்கறோமுங்க. என்ன பண்ணுனீங்க?”

மேகலா குழாய்க் கசிவை அடைத்த கதையைச் சொன்னாள். மாப்பிள்ளை ஏதோ கேட்டார்; இருவரும் சிரித்தார்கள். அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவங்க சிரிச்சாச்சு. இனி நாம என்னத்தப் பேசறது, நாளக் குறிங்க சம்பந்தி.”

என் மருந்துக்குத் தப்பிய ஓர் ஈ ஒரு கல்யாணத்தை முடித்துவைத்ததே, கடைக்கு இதைவிட நல்ல பெயர் வேறெப்படி வரும்?