கறுப்புக் காரின் இடது தூண்

என் சுத்தியலின் முகத்தில் ஒரு மூலை கிடையாது. கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு உடைந்து போயிருக்கிறது. அதனால் அடித்தால் தகரத்தில் பிறை போல ஒரு கோடு விழும். கார்களின் நசுங்கலை நிமிர்த்தும் டென்டிங் வேலைக்காரன் இப்படியொரு சுத்தியலை வைத்திருக்கக் கூடாது. தேய்த்துச் சரி செய்திருக்க வேண்டும், இல்லை தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. அந்த மூலையை உடைத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் மும்பை தாராவியில் இருந்துகொண்டு டாக்சி ஓட்டினார். அவருக்குக் கை முதலில் பேசும், வாய் பிறகுதான் பேசும். வடாலாவில் நான் வேலை பார்த்த கராஜில் ஒருமுறை தன் டாக்சியின் கதவை நிமிர்த்தக் கொடுத்திருந்தார். முதலாளி அதை வேறொரு வண்டிக்கு மாட்டி அனுப்பிவிட்டார். எனக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலாம் வகுப்பில் வாத்தியார் பெயர் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

“கதவு எங்கலே?” என்று அத்தான் மூன்று முறை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையாலே வச்சிருக்க?”

என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி என் மேல் வீசினார். அது காதைக் கிழித்துக்கொண்டு போய், நாங்கள் தகரம் வைத்து அடிக்கும் தண்டவாளத் துண்டில் மோதியது. பொறி பறந்தது. மூலை தெறித்தது. கழுத்தெல்லாம் ரத்தம். சாயந்திரம் அவரே பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி வந்து ஒட்டினார். “நல்லவேளை, தலைய திருப்பாம நின்ன” என்றார், நான் ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டதைப் போல.

அதற்குப் பிறகு அந்தச் சுத்தியலை வெளியே தெரியாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்பதை நாங்கள் தூண் என்போம். அதன் வெளிப்புறத்தில் பள்ளத்தை நிரப்பும் புட்டிப் பசையைப் பூசிப் பெயின்ட் அடித்தால் எந்த அடியும் தெரியாது. கதவு ரப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும் விளிம்பில் மட்டும் யாரும் புட்டி பூசுவதில்லை. கம்பெனி வைத்த வெல்டிங் அங்கே பொட்டுப் பொட்டாக, ஒரே இடைவெளியில் இருக்கும். பழைய கார் வாங்க வருகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், சீட்டை அமுக்கிப் பார்ப்பார்கள், பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். ரப்பரை இழுத்துப் பார்க்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக் கார் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். ஹைவேயில் ஒரு டிரக் அதன் இடது பக்கத்தில் ஏறியிருந்தது. தூண் மடங்கி நடு வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணைத் தகரத்தை வெட்டித்தான் எடுத்தார்களாம். சீட் பெல்ட்டில் ரத்தம் காய்ந்து அட்டை போல விறைத்திருந்தது. உடைந்த கண்ணாடியில் நீளமான முடி, பூச்சரத்தின் நாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவியவன் நான்தான். வெடித்துத் தொங்கிய ஏர்பேக்குகளை எலக்ட்ரீஷியன் அறுத்தெறிந்தான். புதிது வைக்கவில்லை. மூடியை மட்டும் ஒட்டினான். எச்சரிக்கை விளக்கின் வயரை வேறொரு விளக்கோடு முடிந்துவிட்டான். நான் பதினொரு நாள் அந்தத் தூணை அடித்தேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று உடைந்த சுத்தியலாலேயே அடித்தேன். அந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அத்தானுக்குப் பெரிய கார் ஆசை வந்தது. ஓட்டல் பார்ட்டிகளுக்கு ஓட்டலாம், மகள் கல்யாணத்துக்கும் ஆகும் என்றார். டாக்சியையும் அக்காவின் நகைகளையும் விற்றுவிட்டு என்னை வேலைப் பையோடு செம்பூருக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய கார் விற்கும் சேட், எங்கள் கராஜுக்கே வேலை கொடுக்கிறவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு சிரித்தார்.

“சேட், யே மேரா சாலா ஹை” என்று, நான் அவர் மச்சினன் என்பதை ஹிந்தியில் சொல்லி என் தோளில் அறைந்தார் அத்தான். பிறகு என்னிடம், “மாப்ள, நல்லா தட்டிப் பாரு. நீ ஒண்ணும் சொல்லலேன்னா நான் சாவிய வாங்கிருவேன், கேட்டியா?” என்றார்.

கறுப்புக் கார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. வலது பக்கம் ரப்பரை இழுத்தேன், பொட்டுகள் வரிசையாக இருந்தன. இடது பக்கம் இழுத்தேன். பொட்டு ஒன்றுகூட இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, மீன் செதில் போலப் பிறைகள். அதே பதினொரு நாள். நிமிர்ந்தால் சேட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். நான் ரப்பரைப் பழையபடி அமுக்கி வைத்தேன்.

அத்தான் அதற்குள் தாதர் மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் சக்கரங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் இது கடைசிச் சடங்கு. பழம் நசுங்கிவிட்டால் வண்டி நம்முடையது. அதற்கு மேல் திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது.

“இன்னைக்கு உங்க அக்கா மாதுங்கா கோயிலுக்கு இதுலதாம்லே போறா. இந்தா, இந்தச் சீட்டுல. மகாராணி கணக்கா” என்று இடது சீட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, ஏறி இன்ஜினை எழுப்பினார்.

பையிலிருந்து சுத்தியலை எடுத்தது எனக்கு நினைவில்லை. முன்கண்ணாடி வெள்ளையாகச் சிதறியதுதான் நினைவிருக்கிறது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பிறகு இடது தூணுக்குப் போனேன். பெயின்ட் பெயர்ந்தது. புட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. சேட்டின் ஆள் ஒருவன் இரும்புக் கம்பியால் என் முதுகில் போட்டான். இன்னொருவன் முகத்தில் உதைத்தான். முன்பல் நாக்கில் கிடந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு அத்தான் வந்தார், எனக்கு உதவ இல்லை. என் கழுத்தைப் பிடித்துக் காரோடு சேர்த்து அழுத்தினார்.

“பைத்தியமாலே உனக்கு? சொல்லுலே, என்னத்துக்குலே அடிச்ச?”

எனக்கு மூச்சே வரவில்லை. கையை நீட்டிக் கதவு ரப்பரை உருவி எறிந்தேன். சுத்தியலின் முகத்தை ஒரு பிறையில் வைத்துக் காட்டினேன். அச்சாகப் பொருந்தியது. அத்தான் தூணைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். அந்த மூலை எப்படிப் போயிற்று என்று என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கழுத்தை விட்டார். திரும்பினார். சேட்டின் மூக்கு உடைந்த சத்தம் நன்றாகக் கேட்டது. அப்புறம் அங்கே நடந்தது மனிதர்கள் செய்கிற காரியம் இல்லை. கம்பியைத் தடுத்ததில் அத்தானின் வலது கையில் இரண்டு விரல் முறிந்தது. அந்தக் கையாலேயே அவர் அடித்துக்கொண்டிருந்தார். நானும் அடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

சேட் போலீசுக்குப் போகவில்லை. போனால் ரப்பரைப் பற்றியும் பேச வேண்டி வரும். ரிக்‌ஷாவில் வரும்போது அத்தான் வீங்கிய கையை, சேட்டிடம் கொடுக்காமல் தப்பிய பணப்பையின் மேல் வைத்துக்கொண்டு, “வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா” என்றார்.

“வரல அத்தான்.”

“அதுக்கு? எலுமிச்சம்பழம் நாலும் அங்கனயே கெடக்கே” என்றார். இரண்டு பேரும் ரத்தம் வடிய வடியச் சிரித்தோம். ரிக்‌ஷாக்காரர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்.

என் வேலை போயிற்று. அத்தானின் கைக்கட்டு பிரித்த பிறகு மாதுங்காவில் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியின் வெள்ளிநிறக் காரைப் பார்க்கப் போனோம். நாலு கதவின் ரப்பரையும் உரித்தேன். எல்லாம் கம்பெனிப் பொட்டுகள். “வாங்கலாம் அத்தான்” என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அந்தக் காரில்தான் கல்யாணத்துக்குப் போனாள். கடைசி வரை, நிமிராத இரண்டு விரலோடு அவர் அதை ஓட்டினார். போன வருஷம் சர்க்கரை வியாதியில் போய்விட்டார். கார் இன்னும் ஓடுகிறது.

கறுப்புக் காரும் ஓடிக்கொண்டிருக்கும். புதுக் கண்ணாடியும் புதுப் புட்டியும் போட்டு யாருக்காவது விற்றிருப்பார்கள். யாரோ ஒருவர் பழம் வைத்து நசுக்கியிருப்பார். அத்தானுக்காகத்தான் நான் உடைத்தேன். அதற்கு முன்பு நான் நிமிர்த்திக் கொடுத்த வண்டிகளில் ஏறிப் போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் செம்பூர் சிக்னலில் அதே மாதிரி ஒரு கறுப்புக் கார் நின்றது. இடது சீட்டில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். “சாப், அந்தக் கதவு ரப்பரை ஒரு தடவை இழுத்துப் பாருங்க” என்று ஹிந்தியில் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவர் என் உடைந்த பல்லைப் பார்த்தார், அழுக்குச் சட்டையைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

அதே கார்தானா என்று தெரியாது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் கவனித்தேன். என் வலது கை பைக்குள் போய், சுத்தியலின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.