பெண்கள் பக்கத்து ஸ்பீக்கர்

எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் அமுக்கிப் பார்க்காமல் எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு மிக்சி அதனால் ஒருமுறை செத்துப் பிழைத்தது.

போன வருடம் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது, குரல் மட்டும் கரகரத்துப் போனது. அம்மா திண்டுக்கல்லில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடியவர். "என் குரல் போச்சு" என்று அழுது, பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு பூசையிலும் உதட்டை அசைப்பதில்லை. பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

குழுவின் பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒரு பென்டிரைவில் கிடைத்தன. அம்மா தன் பாட்டைத் தானே கேட்டதில்லை. கேட்டால் ஆசை வந்து திரும்பப் போவார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பிளேயர் அந்தப் பதிவைத் திறக்க மறுத்தது. இலவசமாகக் கிடைக்கும் சின்ன மியூசிக் பிளேயர் ஒன்றை இறக்கினேன். அது சந்தடி சாக்கில் வேறு புரோகிராம்கள் எதையெதையோ கூட்டிக்கொண்டு வரப் பார்த்தது. டிக்குகளை எடுத்துவிட்டுத் தப்பித்தேன். பாட்டு ஓடியது, சத்தம்தான் இல்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தால், ஸ்பீக்கர் வயரை மைக் ஓட்டையில் செருகி வைத்திருக்கிறேன்!

மாற்றிச் செருகியதும் மொத்தக் குழுவும் பாடியது. இத்தனை பேரில் அம்மா எங்கே? பிளேயரின் மூலையில் சத்தத்தை இடது, வலது ஸ்பீக்கருக்கு நகர்த்தும் பொத்தான் ஒன்று இருந்தது. விடுவேனா? இடது கோடிக்குத் தள்ளினேன். ஆண்குரல்கள் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குழுவும் அப்படித்தான் நிற்கும். பதிவு செய்தவர் பக்கத்துக்கு ஒரு மைக் வைத்திருக்கிறார்; பெண்கள் பக்கத்து மைக் இடது ஸ்பீக்கரில் வருகிறது. அம்மா குள்ளம் என்பதால் எப்போதும் முன்வரிசை, அதாவது மைக்குக்கு நேர் எதிரே.

"அம்மா, செத்த நேரம் இங்க வாம்மா."

ஈரக்கையோடு வந்து நின்றார். அவர் குரல் தனியாகக் கேட்டது, கணீரென்று. ஆனால் அடுத்த வரியில் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. உச்சத்தில் சுருதியை விட்டு எங்கோ போய் நின்றது. நிறுத்தப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருலே." பாட்டு முடியும்வரை கேட்டார். "அது நானா?"

"ஆமாம்மா."

"நான் பாட்டுக்கு முந்திக்கிட்டு ஓடுறேன். இம்புட்டு வருசத்துல ஒருத்தராவது சொன்னாகளா?"

அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். சத்தம் அறுந்து அறுந்து வந்தாலும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏலே, இந்தக் குரல் போச்சுன்னா நான் அம்புட்டு அழுதேன்?"

அன்று சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார்.