நாலு டயர் கேட்ட மாப்பிள்ளை

போன வியாழக்கிழமை மதியம் என் மகன் காசிம் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். "உம்மா, மச்சான் மௌத்தாயிட்டாரு" என்றான். என் வாயில் முதலில் வந்தது, "எதுல கொண்டுபோய் முட்டினாரு?" என்பதுதான்.

"எதுலயும் முட்டல உம்மா. சிநேகிதர் ஓட்டுன வண்டியில பின்சீட்டுல உக்காந்திருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். சிக்னல்ல பச்சை விழுறதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. என் மகள் ஜைனபின் கணவர், கார்ப் பந்தயக்காரர் ஹபீபைத்தான் சொல்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், "சிங்கம் போயிருச்சு மாமி" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அபுதாபிப் பக்கம் இந்த அல் ஐனில், காசிமின் வீட்டில், அந்தச் சிங்கத்துக்கு வருடக்கணக்காகச் சோறு போட்டவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும், கண்டதை எழுத அந்தப் படிப்புப் போதும்.

குவைத் சண்டை முடிந்த அடுத்த வருடம் வந்தார். விசாவில் தொழில் வீட்டு டிரைவர். பார்த்த வேலையோ அர்பாபுடைய கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அந்த முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். கடையில் விற்கிற அதே கார்தான். உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கோழிக்கூடு மாதிரி இரும்புக் கம்பி கட்டியிருப்பார்கள். தார் போட்ட வட்டத்தில் அதை வைத்துக்கொண்டு சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். ஒருநாள் ஓட்டுகிறவன் காய்ச்சலில் படுத்துவிட, இவரை ஏற்றிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தார். அன்றிலிருந்து கழுத்து வளையவில்லை.

"பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்கா மாப்பிள்ளை இந்த ஓட்டம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் அங்கதான் மாமி வர்றாங்க. நான் முந்தி வர்றேன்" என்றார். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

வீட்டு டிரைவர் விசாவில் இருப்பவர் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஜைனபும் கைக்குழந்தையும் ஊரில் கிடந்தார்கள். மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாள். "உம்மா, புள்ள போட்டோவைப் பாத்து வாப்பாங்குது. நேர்ல பாத்தா பயந்து அழும்போல இருக்கு. எப்பக் கூப்பிடுவாராம்?" அதற்கு மேல் கேட்க மாட்டாமல் டேப்பை நிறுத்திவிடுவேன்.

வழி இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவனை விருந்தாளிகள் கூடுகிற மஜ்லிஸில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "என்ன வேணும், கேள்" என்பது அந்த அர்பாபின் வழக்கம். கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார். ஜெயிக்கிற நாளுக்காக நாங்கள் ஒரு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்தோம். "விசாவுல தொழிலை மாத்தித் தாங்கன்னு ஒரே வார்த்தை மச்சான்" என்று காசிம் படித்துப் படித்துச் சொன்னான். ஜெயித்தார். கேட்டார். பல்லெல்லாம் தெரிய வீட்டுக்கு வந்தார்.

"என்ன கேட்டீங்க மாப்பிள்ளை?"

"நாலு டயர் மாமி! புதுசு! ஜப்பான்லருந்து வருது!"

காசிம் எழுந்து வெளியே போய்விட்டான். நான் சோற்றை எடுத்து வைத்தேன். வேறென்ன செய்வது?

அந்த டயரே அவரைக் கவிழ்த்தது. புது டயர் சூடேறும் வரை நிதானமாக ஓட்ட வேண்டுமாம். மெக்கானிக்குக்கா தெரியாது? ஜனங்கள் கை தட்டினார்கள், முதல் சுற்றிலேயே அழுத்தினார். சுவரில் போய்ச் சாய்ந்தது வண்டி. தோள் எலும்பு முறிந்தது. அர்பாப் "கலாஸ்" என்றார், பந்தயம் அதோடு முடிந்தது. அப்புறம் இரண்டு வருடம் அவருடைய பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய்விடுகிற வேலை. தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட சிங்கக்கூட்டம், காசிமின் கடையில் அவர் நிற்கிறார் என்றால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனது. யார் யார் என்று எனக்குத் தெரியும். போன வாரம் என் வீட்டில் டீ குடித்தீர்கள்.

மறுபடியும் அர்பாப் கூப்பிட்டார், மறுபடியும் ஜெயித்தார். அந்தத் தடவை கேட்டது என்ன தெரியுமா? வெள்ளைக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஹெல்மெட்!

மறுநாள் காலை நான் இனிப்புத் தொதல் கிண்டினேன். தேங்காய்ப்பால் சுண்டி எண்ணெய் கக்கும் வரை கை ஓயாமல் கிண்டி, தட்டில் கொட்டி எடுத்துக்கொண்டு அர்பாபின் வீட்டுப் பெண்கள் பக்கம் போனேன். அவருடைய தாயார் என் வயதுக்காரி. எனக்கு அரபி வராது, அவருக்குத் தமிழ் வராது. "மேரா பேட்டி இந்தியா. பச்சா இந்தியா. பாபா இதர். விசா மாஃபி" என்று, மகளும் பிள்ளையும் ஊரில், தகப்பன் இங்கே, விசா இல்லை என்பதை எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். அவர் இரண்டு துண்டு தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊரையே அதட்டுகிற மனுஷன், தாய் முன்னால் தலை குனிந்து நின்றார். பத்து நாளில் விசாவில் தொழில் மாறியது. அடுத்த மாதம் ஜைனப் பிள்ளையோடு வந்து இறங்கினாள்.

மாப்பிள்ளை ஏர்போர்ட்டில் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாப்பா ஜெயிச்சு உன்னைக் கொண்டுவந்தேன்!" என்றார். நான்கு வயதுப் பிள்ளை பயந்து அழவில்லை. அவர் தலைமுடியைப் பற்றிக்கொண்டு சிரித்தது. திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

இன்று என் பேத்தி வகுப்பில் முதலாவது. மலையாளத்துப் பிள்ளை, பஞ்சாபிப் பிள்ளை எல்லோரையும் முந்துகிறாள். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஜைனபுக்கு எல்லாம் தெரியும். பிள்ளையிடம் மட்டும் யாரும் வாய் திறக்காதீர்கள். அவளுக்கு அவளுடைய வாப்பா ஜெயித்துக் கூட்டிவந்தவர். மாப்பிள்ளைக்காக நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பொய்தான்.