தம்பி சட்டை

பாரிஸ் ஓரத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் துணியை வெளியே காயப்போடக் கூடாது. சன்னலில் ஒரு துண்டு தொங்கினாலும் கீழேயிருந்து கர்தியேன் கை காட்டுவாள். கர்தியேன் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. வெயில் அடிக்கிறது, துணி ஈரமாக இருக்கிறது, இதில் என்ன தப்பு என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு சின்னசேலம் பக்கத்திலிருந்து வந்தவள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. இங்கே ஒரு கண்காட்சிக் கூடத்தில் தரை துடைக்கிறேன்.

போன வருஷம் அந்தக் கூடத்தில் பழைய சட்டைகளைத் தொங்கவிட்டார்கள். எல்லாம் ஆம்பளைச் சட்டை, முழுக்கை, கறையும் கிழிசலுமாக. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. செய்தவள் கனகா, கள்ளக்குறிச்சிப் பெண், சென்னையில் ஓவியம் படித்தவள். நம் பக்கத்துப் பெண்கள் புடவைமேல் போட்டுக்கொண்டு கரும்புக்கும் மரவள்ளிக்கும் போகிற சட்டைகள் அவை. கல்வராயன் மலையிலும் கீழேயும் கேட்டு வாங்கியிருந்தாள். சட்டைக்கு முன்னால் போய் நின்றால் அதைப் போட்டவள் செல்லில் பேசிப் பதிந்த குரல் கேட்கும். நான் துடைக்கும்போதும் அப்படி ஒன்றுதான் போட்டிருந்தேன். பார்த்துவிட்டாள். "யாரு சட்டக்கா இது?" என்றாள். அந்தக் கூடத்தில் என்னிடம் தமிழில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. தம்பி சட்டை என்றேன்.

தம்பி சேகர் படிக்கப் போனான். நான் கரும்புத் தோகை உரிக்கப் போனேன். தோகை கையை அறுக்கும், சுணை அரிக்கும். அவனுக்குப் பத்தாமல் போன சட்டை எனக்கு வந்தது. வேலை முடிந்து ரோட்டில் கால் வைக்கும் முன் அதைக் கழற்றிச் சுருட்டிக் கூடையில் வைத்துவிடுவோம். யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாரும் செய்தோம். கனகா கேட்டது அதைத்தான். "கழனியில சட்ட போடலாம், ரோட்டுல போடக் கூடாது. அப்ப ரோடு யாருதுக்கா?" அவள் நீட்டிய செல்லில் தெரிந்ததைப் பேசினேன். என் சட்டையும் வரிசையில் தொங்கியது. பார்க்க வந்த ஒரு மதாம், வெள்ளைக்கார அம்மா, அதைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். செத்தவன் சட்டை என்று நினைத்துவிட்டாள். இருக்கிறான், நல்லா இருக்கிறான், அரசாங்க வேலை என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

தை மாதம் அதே சட்டைகளைக் கனகா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தாள். நானும் லீவில் போனேன். இறங்கியது சேகர் வீட்டில். அப்பா அம்மா போன பிறகு ஊரில் நான் பெட்டி வைக்க இருக்கிற ஒரே இடம் அது. முதல் நாளே யாரோ என் குரலைச் செல்லில் பிடித்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை இட்லி தட்டில் இருக்கும்போது கேட்டான்.

"இன்னாக்கா இதெல்லாம்? அக்காவக் கரும்புக்கு அனுப்பிட்டுப் படிச்சவன்னு ஆபீசே சிரிக்குது."

"நான் அப்டி சொல்லல. நீ படிக்கப் போன, நான் கரும்புக்குப் போனேன். நடந்தத சொன்னேன்."

"அதான் வேணாம்ன்றன். இன்னைக்கே எடுத்துடு. இல்லன்னா இந்த வூட்டுக்கு வராத."

அவன் பெண்டாட்டி என் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் போய்க் கனகாவிடம் சொன்னேன். "உங்க சட்ட, உங்க பேச்சு. எடுக்கச் சொன்னா எடுத்துடறன்க்கா. வூடு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். பொய்யாகத் தைரியம் சொல்லவில்லை. அது பிடித்தது. பக்கத்துச் சட்டை வெள்ளிமலை சின்னப்பொண்ணுடையது. அவள் இன்னொரு சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டே பஸ் ஏறி வந்திருந்தாள். "ஒண்ணு தொங்குது, ஒண்ணு போட்டுக்கினு வந்தன். பஸ்ல எல்லாம் பாத்தானுங்க. பாக்கட்டுமே" என்றாள்.

அப்போது சேகர் உள்ளே வந்தான். நேராக என் சட்டை முன்னால் போய் நின்றான். என் குரல் ஓடியது. முடியும்வரை கேட்டான்.

"என் சட்டதான இது? குடு."

நானே ஹேங்கரிலிருந்து கழற்றினேன். அவன் முன்னால் நீட்டினேன்.

"உன்னுதுன்னா போட்டுக்கினு போ."

சின்னப்பொண்ணுதான் வாய் திறந்தாள். "போடுங்க சார். பொத்தான் பூட்டுதான்னு பாக்கலாம்." இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சட்டையின் முழங்கைக் கிழிசலையும், போகாத கரும்புக் கறையையும் அவன் பார்த்தான். அவன் கை பாதி வரை வந்தது. வாங்கவில்லை. திரும்பிப் போய்விட்டான். சட்டையை இருந்த இடத்தில் மாட்டினேன்.

சாயங்காலம் ஒரு ஷேர் ஆட்டோவில் என் பெட்டி மண்டபத்துக்கு வந்தது. "சார் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றார் ஓட்டுநர். உடுப்பெல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. அது அவன் பெண்டாட்டி கை.

அடுத்த ஊர்க் கண்காட்சிக்கும் சட்டை வேண்டும் என்றாள் கனகா. "அப்பறம் அனுப்பறன். இப்ப குடு, வேலைக்கு வேணும்" என்று வாங்கிக்கொண்டேன்.

இங்கே வந்ததும் அதைத் துவைத்தேன். தண்ணீர் அழுக்காக ஓடியது. சன்னலில் காயப்போட்டேன். கர்தியேன் கீழேயிருந்து கை காட்டினாள், எடு எடு என்று. எடுக்கச் சொல்கிறவர்கள் எனக்கு இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். உய் மதாம் என்று தலையாட்டிவிட்டுச் சட்டையை உள்ளே இழுத்துச் சன்னலைச் சாத்தினேன். சட்டையின் ஒரு கை வெளியே மாட்டிக்கொண்டது. உடம்பு உள்ளே சொட்டுகிறது, கை வெளியே காய்கிறது. திறந்து எடுக்கவில்லை. கீழே அவள் இன்னும் நிற்கிறாள்.