ஒரே வாசல் உள்ள அறை

எம். புதுப்பட்டியிலிருந்து டெல்லிக்குப் போன இருபது பெண்களில் ஆவுடைத்தாய் மட்டும் ரயிலில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "எங்க வீட்டுக்காரவுக மருந்து ரூம்ல செத்தாக. அந்த ரூமுக்கு இன்னமும் ஒரே வாசல்தான்."

குடியரசுத் தலைவர் தம் மாளிகையில் பட்டாசுத் தொழிலாளர்களைச் சந்திக்கப் போகிறார். அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். மகள் சுகிர்தா அதை ஆங்கிலத்தில் சொல்வாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். குழுவுக்கு மொழிபெயர்க்க வந்திருந்தாள்.

"தாயி, இப்பிடி ஓதிக்கிட்டே வந்தா டி.டி.ஆரு நம்மளச் சாமியார் கூட்டம்னு நெனச்சிருவாரு," என்றாள் உடன் வந்த கருப்பம்மாள்.

ஆவுடைத்தாய் பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் திரி சொருகுகிறவள். கணவர் பால்பாண்டி அங்கேயே வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நான்கு வருடத்துக்கு முன், ஒரு காலையில் அந்த அறை வெடித்தது. வெளியே கொடியில் அவர் போட்டிருந்த துண்டு மட்டும் முழுசாகக் கிடைத்தது. முப்பதாம் நாள் கும்பிட்டுவிட்டு அவள் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவது? அறையைப் புதிதாகக் கட்டினார்கள், பழைய மாதிரியே.

துண்டை அவள் துவைக்கவே இல்லை. அதில்தான் இப்போது அவர் படத்தைச் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

மாளிகை வாசலில் காவலர் ஒவ்வொருவர் கையையும் பையையும் ஒரு சிறு துணியால் துடைத்து, வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்தார். ஆவுடைத்தாயின் முறை வந்ததும் அது கத்தியது. மறுபடி வைத்தார், மறுபடி கத்தியது. துவைக்காத துண்டில் இருந்த மருந்து, அதைத் தொட்ட கையிலும் ஒட்டியிருந்தது. ஊரில் அந்த வாடை யாருக்கும் உறைக்காது. அது வேறோர் இடத்தில் ஆபத்தாகத் தெரியும் என்று இருபது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, படித்த சுகிர்தாவுக்கும்கூட.

காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: துண்டை இங்கே வைத்துவிட்டுக் கை கழுவி வந்தால் உள்ளே போகலாம்.

"அவுகள வாசல்ல போட்டுட்டு நான் மட்டும் போகவா?" ஆவுடைத்தாய் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "நீ போளா. படிச்சவதான? நீயே சொல்லிரு."

உள்ளே தலைவர் நான்கு நிமிடம் பேசினார். உங்கள் கைகளால்தான் நாட்டின் வீடுகளில் பண்டிகை வருகிறது. பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். மனதில் இருந்து வந்த பேச்சுதான். கருப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுகிர்தா வரிவரியாகத் தமிழில் சொன்னாள். நடுவே அந்தக் கூடத்தின் கதவுகளை எண்ணினாள். ஏழு.

பிறகு தலைவர் ஒவ்வொருவராக வணங்கிக்கொண்டே வந்து அவள்முன் நின்றார். "என்ன படித்திருக்கிறாய்?"

"பி.காம்."

"உன் அம்மாவுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. இலக்கணம்கூடச் சரிபார்த்து வைத்திருந்தாள். ஆனால் எல்லோரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். "தேங்க் யூ," என்றாள். புகைப்படம் எடுத்தார்கள். முடிந்தது.

வெளியே ஒரு மர நிழலில் ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், அம்மா நம்பியிருப்பாள். "இல்லம்மா," என்றாள் சுகிர்தா.

ஆவுடைத்தாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். துண்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள்:

"விடு. நானும் அன்னாடம் அந்த ரூமத் தாண்டித்தான் போறேன். போர்மன் எதுக்க வாராரு. வணக்கம்தான் வருது வாயில."