உளுந்தூர்பேட்டையைத் தாண்டாத வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் டீசல் ஜெனரேட்டர் பார்த்தவன் நான். அங்கேயும் இதே பேர்தான். மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்ற அன்று, "நானா கூப்புடாம இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவளும் என் ரத்தம்தானே. "நீயா கூப்புடற வரைக்கும் வரமாட்டேன்பா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பிறகு இரண்டு பேருக்கும் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டார்கள். இரண்டு வருடம் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி என் மனைவியின் போன் வழியாகத்தான் என் காதுக்கு வந்தது.

பேத்தி பிறந்த சமயத்தில் மனைவி படுக்கையில் இருந்தாள். மார்பில் வந்த கட்டி முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. கால் மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. பஸ்ஸும் காரும் ஒத்துவராது. ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றதற்கு, "பேத்தியப் பாக்க ஆம்புலன்ஸ்ல போவாங்களா? அந்தச் சத்தத்த கேட்டா கொழந்த பயந்துக்கும்" என்று மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் மதகடிப்பட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் பாயிடம் ஒரு டீசல் வேனைப் பார்த்தேன். பன்னிரண்டு சீட் வேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு நீளவாக்கில் ஒரு கட்டில் போட்டேன். பக்கத்தில் ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, அதைச் சுற்றித் திரை. முன்சீட்டுக்குப் பின்னால் எனக்குக் கால் நீட்ட ஒரு பலகை. தெருவில் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரி வண்டியில்தான் ஊர் சுற்றுவார்கள் என்று ஒருவர் சொன்னார்.

என் மனைவிதான் சிரிக்கவில்லை. "ஒரு போன் போட்டா அவளே புள்ளையத் தூக்கினு ஓடியாந்துடுவா. அதுக்கு இன்னாத்துக்குய்யா இத்தாம் பெரிய வண்டி?" என்றாள்.

"நீ உள்ள போய் நாலு நாள் இரு. நான் வண்டியிலயே படுத்துக்குறேன்" என்றேன்.

"அதான பாத்தேன். அவன் வூட்டுத் தண்ணி உனக்கு எறங்காது. அதுக்குத்தான் ஒரு வூட்டையே கூடவே இட்டுனு போற."

சரியாகத்தான் சொன்னாள். ஒரு போன் பேச மனசு வராத மனுஷன், ஒன்றரை மாதம் தச்சு வேலையும் வெல்டிங் வேலையும் பார்த்தேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் தடவை கிளம்பினோம். எங்கள் வில்லியனூரிலிருந்து விழுப்புரம் வரை வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பின்னால் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள், கரும்பு லாரி, ஆட்டு மந்தை, ஏதோ ஒரு கட்சிக் கொடி. உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியின் இழுவை குறைய ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. அப்புறம் முப்பது. சைக்கிள்காரன் முந்திப் போகிற நிலைமை வந்ததும் ஓரங்கட்டினேன். பத்து நிமிடம் நின்று கிளம்பினால் கொஞ்ச தூரம் இழுத்தது, மறுபடியும் சோர்ந்துவிட்டது. நிறுத்தி நிறுத்தித் திரும்பி வந்தோம்.

இந்த வேலை எனக்குத் தெரியாததல்ல. சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் போதவில்லை. என் வண்டியில் புகை இல்லை. ஆகவே டீசல்தான் எங்கோ தடைபடுகிறது என்று கண்டுபிடித்தேன். அதுவரை சரி. டீசல் ஃபில்டரை மாற்றினேன். குழாயை ஊதிப் பார்த்தேன். வில்லியனூரைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினேன், பிரமாதமாகப் போனது.

இரண்டாம் தடவையும் அதே இடம். கிட்டத்தட்ட அதே மைல்கல். அதே சோர்வு. "இன்னாய்யா, இந்த வண்டிக்கு உளுந்தூர்பேட்டைல யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருடம் எஞ்சினோடு குடும்பம் நடத்தியவனை ஒரு பழைய வேன் நடுரோட்டில் நிறுத்திவிட்டது.

அடுத்த பத்து நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். பம்ப்பையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதை நம்பாமல் இரண்டு இன்ஜெக்டரை மாற்றினேன். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு வாஷரையும் புதிதாகப் போட்டேன். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போவேன். வண்டி குதிரையாக ஓடும். ஆனால் அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் போனதே இல்லை. தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். ஆகவே போக வர மொத்தமே பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அவள் கட்டிலில் இருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாடு ஊட்டும்போது, "வூட்டுக்கிட்ட நல்லாதான் ஓடுது. அவ ஊருக்குப் போற ரோட்டுலதான் மக்கர் பண்ணுது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைக்கிறாள்.

"மாதா மேல சத்தியமா வண்டிதான்டி" என்றேன்.

"சரி வுடு, சோறு ஆறுது" என்றாள்.

மூன்றாம் தடவை போகும்போது அவள் ரொம்ப இளைத்திருந்தாள். தூக்கிக் கட்டிலில் வைத்தபோது கையில் கனமே இல்லை. பேத்திக்கு ஒரு சின்ன கவுனும் கொலுசும் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.  விழுப்புரம் தாண்டினோம். சொல்லி வைத்த மாதிரி அதே இடத்துக்கு வந்ததும் இழுவை போயிற்று.

புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். இறங்கி ஃபில்டரை ஆட்டிப் பார்த்தேன், குழாயை இறுக்கினேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச தூரம் முன்னால் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஒழுங்காக இழுத்தது. அறுபது, எழுபது என்று ஏறியது.

"சரியாயிடுச்சு பாரு. போலாம்யா" என்றாள் பின்னாலிருந்து. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நான் வண்டியைத் திருப்பினேன். "ஏற்காட்டு மல மேல நடுவுல நின்னுச்சுன்னா உன்ன வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? சரி பண்ணிட்டு வரலாம்" என்றேன். பொய் இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால் கஷ்டம்தான். ஆனால் ஸ்டியரிங்கை ஒடித்தபோது என் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கிய மாதிரி லேசாக இருந்தது. அந்தப் பையன் முகத்தில் இன்றைக்கு முழிக்க வேண்டாம். அந்த நிம்மதியை நான் மறக்கவே முடியாது. வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்தேன். வண்டி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. 

அதற்குப் பிறகு ஏற்காட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பதினோராவது நாள் காலையில் போய்விட்டாள். கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தேன், முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டு வருடத்தில் மகளுக்கு முதல் முறையாகப் போன் போட்டேன். "அம்மா போயிட்டாம்மா" என்று சொல்வதற்கு. அவள் மத்தியானத்துக்கெல்லாம் குழந்தையோடும் புருஷனோடும் வந்துவிட்டாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை, அவளும் வாசப்படியில் நிற்கவில்லை, நேரே உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லறையில் மண் போட்டுவிட்டு அடுத்த நாள் கிளம்பினார்கள். என்னிடம் நான் சாப்பிடும் மாத்திரை மருந்தைப் பற்றி மட்டும் பேசினாள். மாமியார் கால்மாட்டில் அந்தப் பையன் அழுததை நான் பார்த்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், வேனைப் பாயிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இப்போது என்னைத் தேட வீட்டில் ஆள் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். எப்போதும் போல டேங்கைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். பாகூர் ஏரியைச் சுற்றினேன். கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம், மறுபடி பாகூர். அறுபது கிலோமீட்டர் தாண்டி, பண்டசோழநல்லூர் வயல் ஓரமாக வரும்போது வண்டி சோர்ந்தது. 

எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில் டேங்க் பக்கமிருந்து தகரம் நெளிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று நீளமாக மூச்சு இழுத்துக்கொண்டு திறந்தது. மூடிக்கு அடியில் இருந்த பால் பாக்கெட் கவர் கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது.

அந்தக் கவரைப் போட்டவன் நான்தான். எங்கள் யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு, டீசல் விலையும் குறைவு. எல்லை தாண்டிப் போகிற எவனும் வழிய வழிய நிரப்பிக்கொண்டுதான் போவான். கட்டில் போட்ட புதிதில் அவளை ஏற்றிக்கொண்டு சும்மா ஒரு சுற்று போனபோது, மூடியில் கசிந்த டீசல் வாடைக்கு அவளுக்குக் குமட்டியது. அதற்காகப் பால் கவரைக் கழுவி வெட்டி மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் டீசல் போட்டதும் அதைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் மூடியில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் பட்டினி கிடக்கும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் எங்காவது காற்று மெல்லப் புகுந்து திரும்பவும் ஓடும். தொழிற்சாலையில் ஜெனரேட்டர் டேங்கின் காற்று ஓட்டையை மாதா மாதம் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தவன் நான். வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். களை பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் அந்தக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டையை வண்டி கண்டுகொள்ளவே இல்லை. மலையில் எல்லா வளைவையும் ஏறியது. மகள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே போவதற்கு முன்பே கவரை எடுத்துக் காட்டினேன். முழுவதையும் சொன்னேன், டேங்க், காற்று, ஓட்டை எல்லாம். "உங்கம்மா நான் வேணும்னே பண்றேன்னு நெனச்சிக்கினே பூட்டா. நீயாவது தெரிஞ்சுக்கோ. வண்டிதான்மா" என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கடைசி வாட்டி வந்தப்ப அம்மா வண்டியில இருந்து போன் பண்ணாப்பா. எஞ்சின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. வண்டி சரியாயிடுச்சுடி, பொழுதோட வந்துடுவோம்னா. நான் அவளுக்குப் புடிக்கும்னு கொழைய சோறு வடிச்சு வெச்சேன். அரை மணி நேரம் கழிச்சுத் திரும்ப பண்ணா."

"இன்னா சொன்னா?"

"அப்பா வண்டியத் திருப்பிட்டார்டி. கேட்டா வண்டிதான்னு சொல்வார். நம்புற மாதிரி இருந்துக்கோ, சண்ட போடாத. நான் பூட்டா அவருக்கு யாரும் இல்லன்னு சொன்னா."

கவர் இன்னும் என் கையில் இருந்தது. அதை வைத்து நான் என்ன நிரூபிக்க வந்தேனோ, அது முதல் இரண்டு தடவைக்கு மட்டும்தான் பொருந்தும்.

"மூணாவது வாட்டி வண்டி இல்லம்மா. நான்தான்" என்றேன்.

"தெரியும்பா" என்றாள்.